காற்றுக்குக் காசு

புந்தா அரேனாஸில்
டிசம்பர் காற்று ஆளைத் தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்த ஊரில்தான் யாஸ்னா மருசிச்
காற்று வாங்கக் கடைக்குப் போனாள்.

"வாசலில் சும்மாவே கிடைக்குமே" என்றான் பர்ரியா.
ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைச் சொல்வான் என்று
மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள்.

விஷயம் ஒரு கதவு.
வெள்ளை பிக்கப்புக்குப் பச்சைக் கதவு.
உப்பு தின்ற பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு
காயலான் கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டியது.
அதில் மூடிப்போன மீன் கம்பெனியொன்றின் பெயர்,
பாதி மீன், ஒரு போன் நம்பர்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவளிடம்
நண்டு என்ன விலை என்று கேட்கிறார்கள்.
ஒருவர் சிக்னலில் கண்ணாடியைத் தட்டி
இரண்டு மாதச் சம்பள பாக்கி கேட்டார்.
பச்சை விழுந்தும் நகரவில்லை அவர்.

கம்ப்ரசர்கள் வரிசையாக நின்றன, வயிறு பெருத்து.
மூன்று குதிரை என்றது சிவப்பு ஸ்டிக்கர்.
குதிரையை யார் எண்ணிப் பார்த்தார்கள்?
அவள் குனிந்து
தகட்டின் எறும்பெழுத்தைப் படித்தாள்,
நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்.
அதிலும் உள்ளே இழுக்கும் கணக்குப் பெரிதாக,
வெளியே கொடுக்கும் கணக்கு
வெட்கப்பட்டு ஓரத்தில்.
தொட்டியும் கிணறு மாதிரிதான்.
ஆழம் பார்த்து மயங்கினால் ஆயிற்றா,
ஊற்று என்ன ஊறும்?

சின்னது டயருக்குச் சரி,
பெயின்ட் என்றால் இரண்டு மூச்சில் இளைக்கும்.
எண்ணெய் வேண்டாதது மலிவு, ஆனால் அலறும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஆஸ்பத்திரி இரவு ஷிஃப்ட் முடித்து எடித்தா தூங்குவாள்.
பெரியதைப் போட்டால்
வாஷிங் மெஷினும் அதுவும் ஒரே நேரத்தில் ஓடாது,
ஃபியூஸ் போய்விடும்.
மூலையில் ஒரு பழசு, இருநூறு லிட்டர், பாதி விலை!
கை அதன்மேல் போய்விட்டது.
அடியில் தடவினாள்.
வடிகுழாய் துருவேறி இறுகியிருந்தது.
விரல் முட்டியால் தட்டினாள்; மந்தமாகப் பதில்.
இது தொட்டி இல்லை,
பொறுமையான ஒரு வெடிகுண்டு.

ஐம்பது லிட்டர், பெல்ட் போட்டது.
மிச்சக் காசில் ஒரு ஸ்ப்ரே கன்,
தண்ணீர் பிரிக்கும் சின்னக் குடுவை.
பர்ரியா ஒரு குழாய் இலவசமாகத் தந்தான்,
கூடவே அதே நகைச்சுவையையும்.

ஞாயிறு மாலை, எடித்தா வேலைக்குக் கிளம்பிய பிறகு,
கராஜ் இடுக்குகளில் நனைத்த போர்வை.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
நெல் வைத்திருப்பவர்களுக்கு.
பெயின்ட் வைத்திருப்பவர்கள்
காற்று ஓயக் காத்திருக்க வேண்டும்.
இங்கே ஓயாது.

நாலு வீச்சு.
முள் சரிகிறது.
ஐந்தாவதில் கன் இருமித் துப்புகிறது.
நிறுத்தி, முகமூடியைத் தூக்கி
ஒரு மடக்கு மாத்தே.
மோட்டார் முனகி முனகி ஊறுகிறது.
மறுபடி நாலு வீச்சு.
இடையில் வடிகுழாயைத் திறந்தால்
ஒரு கரண்டி கலங்கல் தண்ணீர்.
இந்த ஊர்க் காற்றை எவ்வளவு நெருக்கிப் பிழிந்தாலும்
கொஞ்சம் கடல் வரும்.

தேய்ப்பதில் அவள் அவசரப்பட்டிருந்தாள்.
காய்ந்த வெள்ளையில் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்,
எங்கிருந்தோ வந்து ஒட்டிய ஒரு மணல்.
பகலில் யாருக்கும் தெரியவில்லை.
இரவு பத்து மணிக்கும் அணையாத
அந்தச் சாய்ந்த வெயிலில்தான்
எழுத்துகளின் விளிம்பு மேலெழுந்தது,
வெள்ளைக்குள் பாதி மீன்.

படகுத்துறையில் ஒரு கை அதைத் தடவிக்கொண்டிருந்தது.
சிக்னலில் பார்த்த அதே மனிதர்.
மீனின் வாலிலிருந்து தொடங்கி
போன் நம்பரின் கடைசி எண்வரை
மெதுவாக.

பிறகு வரிசையில் வந்து நின்றார்.
பாக்கி எதுவும் கேட்கவில்லை.
போர்வெனிருக்கு ஒரு டிக்கெட்,
போக மட்டும்.